அண்ணனைத் தூக்க ஆள் தேடிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பந்தி. எனக்கு வாய்த்த இடம் சரியில்லை. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை — பக்கத்து இலைக்காரர்தான் குறை. எங்கள் ஊர் ஏலக்காய் வியாபாரி. போடிமெட்டில் நின்று தும்மினால் அடிவாரத்து முந்தல் கிராமத்தில் கேட்கும், அப்படி ஒரு குரல்.

பாயசம் வருகிற நேரம் பார்த்துக் கேட்டார்.

"என்ன அப்பு, கூடப் பொறந்த அண்ணனைக் கூலி ஆளு கையில விட்டுட்டீகளாமே? மெய்தானா?"

பந்தி முழுக்கக் கை நின்றது. எதிர்வரிசையில் ஒருவர் பாயசத்தை உறிஞ்சுவதையே பாதியில் நிறுத்திவிட்டார். வாரம் தவறாமல் இந்தப் பத்திரிகைப் பத்தியில் வாய் கிழியப் பேசுகிறவன் நான். அன்றைக்கு வாயில் அப்பளம்.

"ஆமா," என்றேன்.

"அப்பச் சொந்தபந்தமெல்லாம் எதுக்கு இருக்கு?"

'இப்படிப் பந்தியில பக்கத்துல உக்காரத்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு நல்ல பதில்! வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்... புத்தி பின்னால் மாட்டு வண்டியில் வரும்.

ஆனால் அவர் கேட்டதை ஊரில் பலரும் கேட்கிறார்கள். ஆகவே இந்த வாரம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கூலிக்கு ஆள் வைத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

என் அண்ணன் மலையாண்டியைத் தெரியாதவர்கள் மலைப்பாதையில் நடந்திருக்க மாட்டார்கள். முப்பது வருடம் பொதிமாடு ஓட்டியவர். மேலே அரிசியும் கருவாடும் போகும்; கீழே ஏலக்காய் மூட்டை வரும். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இருபது உருப்படியைக் கட்டி மேய்க்கிறேன், இருபத்தொண்ணு வேணாம்" என்பார். அவர் இறக்கிக் கொண்டுவந்த ஏலக்காயைச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்து முகர்ந்து பார்ப்பது என் தொழில். எங்கள் வீட்டில் உழைத்தவர் அவர், தொந்தி போட்டவன் நான்.

போன ஆடி மழையில் மலைப்பாதை வளைவு ஒன்றில் ஒரு மாடு சறுக்கியது. அண்ணன் கயிற்றை விடவில்லை. இழுத்துப் பிடித்தார். மாடு நின்றது. அண்ணன் நிற்கவில்லை.

மாடு இன்றைக்கும் சௌக்கியம். அண்ணனுக்கு முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து இரண்டு கால்களும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து, "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், சரி... யார் பார்ப்பது?

என் மனைவி பார்க்கலாம். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தம்பி பெண்டாட்டி, கணவனின் அண்ணன் முன்னால் நிற்கக் கூடாது. நேருக்கு நேர் பேசவும் கூடாது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். இத்தனை வருடமும் அவள் அண்ணனிடம் பேசியதெல்லாம் உரல் வழியாகத்தான்.

"ஏ உரலே, மூத்தவுக சாப்பிட வர்றாகளான்னு கேளு" என்பாள் உள்ளேயிருந்து.

"ஏ மயிலை, பசிக்கலைன்னு சொல்லு" என்பார் அண்ணன், வாசலில் கட்டிய காளையிடம்.

உரலும் காளையும் இப்படிக் குடும்பம் நடத்திய வீட்டில், அவள் எப்படி அவருக்கு உடம்பு துடைத்துவிட முடியும்?

சரி, நான்? நான்கு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் அண்ணனைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இறக்கிவிட்டேன். அங்கிருந்தபடியே நிதானமாகச் சொன்னார்:

"தம்பி, நீ போயி எதையாச்சும் எழுது."

ஆள் வைத்தே ஆக வேண்டும். இங்கேதான் நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். அதன் பலனைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பொதிமாட்டுக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு விதி ரத்தத்திலேயே ஊறியிருக்கும். மாட்டின் இரண்டு பக்கமும் சுமை சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஏலக்காய் மூட்டை மட்டும் இருந்தால், மறுபக்கம் அதே எடைக்குக் கல்லையாவது கட்டுவோம். இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே மாடு சாய்ந்துவிடும்.

அதே கணக்கை வீட்டிலும் போட்டேன். என் பக்கத்துச் சொந்தத்தில் ஒருவரை வைத்தால் மனைவி பக்கம் கோபிக்கும். அவள் பக்கத்தில் வைத்தால் பங்காளிகள் முகம் திருப்புவார்கள். ஆகவே... இரண்டு பக்கமும் ஒவ்வொன்று!

எங்கள் பக்கத்திலிருந்து பங்காளி வேலுச்சாமி. அவள் பக்கத்திலிருந்து அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் சங்கையா. இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே வேஷ்டி, ஒரே அளவு சோறு. அடடா, எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

வேலுச்சாமிக்குப் பாசம் அதிகம். அழுவான். அண்ணன் முகத்தைத் துடைக்கத் துணியை எடுப்பான். முதலில் தன் கண்ணைத் துடைப்பான். யாராவது பார்க்க வந்தால் போச்சு.

"எப்படி மலை ஏறுன மனுசன்! இன்னிக்குப் பாருங்க, ஒண்ணுக்குப் போகக்கூட நாந்தேன் தூக்கணும்..." என்று கட்டிலருகே நின்று ஒப்பாரி வைப்பான். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார்.

சங்கையா நேர் எதிர். பெரிய சண்டையில் பஸ்ரா வரை போய், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஆர்டர்லியாக இருந்து வந்தவர். எல்லாம் கடியாரப்படி. ஆறு மணிக்குத் துடைப்பு, ஆறரைக்குக் கஞ்சி, ஏழுக்கு வெளிக்கு. அண்ணனுக்கு ஏழு மணிக்கு வராவிட்டால், அது அண்ணனின் குற்றம்.

"பேஷண்டு ஒத்துழைக்க மாட்டேங்கிறாரு மாப்ளே," என்று என்னிடம் ரிப்போர்ட் கொடுப்பார்.

இரண்டே வாரத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அதற்குப் பிறகு நடந்ததை நம்ப மாட்டீர்கள். ஆளைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள்! வலது பக்கம் வேலுச்சாமிக்கு, இடது பக்கம் சங்கையாவுக்கு. வலது காலுக்கு எண்ணெய் தேய்த்திருக்கும். இடது காலுக்குத் தேய்க்க மணி ஆகியிருக்காது. தூக்கும்போது வலது பக்கம் அழுதுகொண்டே மெல்ல எழும்பும். இடது பக்கம் 'ஒன், டூ' என்று வெடுக்கென்று எழும்பும். நடுவில் அண்ணன், கட்டு அவிழ்ந்த மூட்டை மாதிரி.

மாட்டுக்குப் போடுகிற கணக்கை மனுஷனுக்குப் போட்ட மகா புத்திசாலி இந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான்.

அண்ணன் பேசுவதைக் குறைத்தார். அப்புறம் தண்ணீரைக் குறைத்தார். கஞ்சியில் தெளிந்த நீரை விட்டுவிட்டுப் பருக்கையை மட்டும் மெல்லுவார். தண்ணீரை நீட்டினால் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். உதடு வெடித்தது. கண் உள்ளே போனது.

டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்துப் போனார்.

"தண்ணி எறங்கலைன்னா பத்து நாள் தாங்க மாட்டாரு. இது கால் சீக்கு இல்லய்யா. மனுசன் முடிவு பண்ணிட்டாரு."

உள்ளே வந்து அண்ணனிடம் கெஞ்சினேன். அதட்டினேன். கடைசியில், என் வயசுக்கு வெட்கம், அழுதேன்.

"தாகம் இல்ல தம்பி," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மூட்டை இறங்குகிறதென்று முந்தலுக்குப் போனேன். மனசு அங்கே இல்லை. மரத்தடியில் ஒரு டோலி இறக்கி வைத்திருந்தார்கள். மூங்கிலில் கட்டிய தொட்டில் நாற்காலி — எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் அதில் ஏறியிருப்பீர்கள். எஸ்டேட்டிலிருந்து காய்ச்சலோடு வந்த ஒரு கங்காணி அதில் சுருண்டு கிடந்தார். டோலிக்காரன் ஒருவன் அவர் காதருகே குனிந்தான்.

"தூக்கட்டுமா அண்ணே?"

பதில் இல்லை. அவன் நின்றான். கூட வந்தவர்கள், "தூக்குப்பா, வெரசா!" என்று பறந்தார்கள். அவன் அசையவில்லை. காய்ச்சல்காரர் மெல்லக் கண் திறந்து, "ம்" என்றார். அதற்குப் பிறகுதான் மூங்கில் தோளுக்கு ஏறியது.

அவர்கள் வண்டியில் கங்காணியை ஏற்றிவிட்டுத் திரும்பும்வரை அங்கேயே காத்திருந்து அவனைப் பிடித்தேன். பெயர் சுருளி. நாற்பது வயசு இருக்கும். தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு.

"ஏம்ப்பா, அவரு மயக்கத்துல கெடக்காரு. அவருகிட்டப் போயிக் கேக்குறியே?"

"தூக்குறது நான் மொதலாளி. ஒசரத்துல இருக்கப் போறது அவுகதேன? அவுகளைக் கேக்காம எப்படி?" என்றான். ஏதோ குழந்தைக்குச் சொல்வதுபோல.

நான் ஆள் தேடியபோது வேலுச்சாமியிடம் கேட்டேன், சங்கையாவிடம் கேட்டேன், என் மனைவியிடம் கேட்டேன், பங்காளிகள் பதினோரு பேரிடம் கேட்டேன். அண்ணனிடம் கேட்டேனா? முகம் சிவந்தது. என் நிறத்துக்கு அது வெளியே தெரியாது, அதுவரை நல்லது.

"வீட்டோட இருந்து ஒருத்தரைப் பாத்துக்கிருவியா?" என்றேன்.

"எறக்கத்துல முட்டி வலி தாங்கல மொதலாளி. கீழ சோலி கெடைச்சா வர்றேன். ஆனா அவுகளுக்கு நான் சம்மதமான்னு கேக்கணும்."

வேலுச்சாமியையும் சங்கையாவையும் எப்படி அனுப்பினேன் என்கிறீர்களா? ஒரே நாளில், ஒரே நிமிஷத்தில், ஒரே எடையில் ஏலக்காய்ப் பொட்டலம் கையில் கொடுத்து. பழக்கம் விடுமா?

வேலுச்சாமி மட்டும் வாசலில் நின்று, அப்போதுதான் வந்து நின்ற சுருளியைக் காட்டிக் கேட்டான்: "அவன் என்ன ஆளுகண்ணே? நம்ம வீட்டுக்குள்ள வரலாமா?"

நான் பதில் தேடுவதற்குள் சுருளியை அண்ணன் பார்த்துவிட்டார். பல நாளாக எழும்பாத குரல் எழும்பியது.

"ஏலேய்... நீயா! பாறை வளைவுல லோடோட வந்த என் மாட்டை ஒதுக்கச் சொல்லி மல்லுக்கு நின்ன பயதான நீயி?"

"நாந்தேண்ணே. நீங்க கம்பை ஓங்கினீக."

"ஒதுங்குனனா?"

"எங்க ஒதுங்குனீக? நாந்தேன் டோலியோட அரை மணி பாறையில ஒட்டிக்கிட்டு நின்னேன். உள்ள இருந்த தொரை கத்துன கத்து!"

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, மறுபடி சிரிப்பானது. பிறகு வேலுச்சாமி பக்கம் திரும்பினார்.

"என்ன ஆளுன்னு கேட்டயில்ல? மலைப்பாதை ஆளு. என் ஆளு. உள்ள வரட்டும்."

அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அண்ணனை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது அப்போதுதான்.

சுருளி கட்டிலருகே வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீங்க 'ம்'னு சொல்லாம என் கை ஒங்க மேல படாதுண்ணே."

அண்ணன் சுவரைப் பார்த்தார். சுருளி நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். சுருளி திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் ஆகியிருக்கும்.

"தண்ணி ஏன் குடிக்கலன்னு கேக்க மாட்டேன்," என்றான் சுருளி, ரொம்பத் தணிந்த குரலில். "டோலியில வர்ற பெரிய தொரைமாருகூட மலை ஏறி முடிக்கிற வரைக்கும் தண்ணி தொடமாட்டாகண்ணே. நடுவழியில எறக்கிவிடுன்னு சொல்ல வெக்கம். நான் மூஞ்சியப் பாத்தே எறக்கிருவேன், முதுகைக் காட்டி நின்னுக்கிருவேன். நீங்க நூறு தடவை சொன்னாலும் எறக்குவேன். வெளிய போயி ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்."

அண்ணன் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

அப்புறம் அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பினார். மயிலைக் காளையைக் கூப்பிடவில்லை. நேராகவே கூப்பிட்டார்.

"ஆத்தா... தண்ணி கொண்டா."

உள்ளே சுளகு விழுந்த சத்தம் கேட்டது. என் மனைவி செம்போடு வந்தாள். வாசல்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு படியைத் தாண்டி வந்து, அவர் கண் எதிரே நின்று நீட்டினாள்.

"இந்தாங்க மாமா."

ஒரே மூச்சில் குடித்தார். செம்பைக் கவிழ்த்துக் காட்டினார். அவள் இரண்டாவது செம்பு கொண்டுவரப் போனாள். போகும் வழியில் என்னைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இருபத்திரண்டு வருசமா உரல்கிட்டப் பேசிப் பேசி... அந்த உரலுக்கே காது புளிச்சிருக்கும்."

அரை மணி கழித்து அண்ணன் "ம்" என்றார். சுருளி தூக்கினான். நான் தூரத்தில் நின்றே பார்த்தேன். மூட்டை மாதிரி இல்லை. ஒரு பெரிய மனுஷர் எழுந்து போகிற மாதிரி இருந்தது.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அண்ணன் சதை போட்டிருக்கிறார். சுருளியை வாய் ஓயாமல் திட்டுகிறார். சுருளி எஸ்டேட் மலையாளத்தில் "மதி, மதி" என்பான், போதும் என்று அர்த்தம். அண்ணனுக்குப் போதவே போதாது. மாடுகளைப் பற்றி இருவரும் போடும் சண்டையில் என் மத்தியானத் தூக்கம் போயே போய்விட்டது.

பத்து நாளைக்கு முன்னால் அண்ணன் ஆரம்பித்தார்: மாடு இறங்குவதைப் பார்க்க வேண்டும், மலைப்பாதையில் முதல் வளைவு வரைக்குமாவது. முந்தல் வரை வண்டியில் போனோம். அதற்கு மேல் டோலி. டோலிக்கு முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள். சுருளி சொல்லி வைத்திருந்த கூட்டாளி காய்ச்சலில் படுத்துவிட்டான்.

சுருளி என்னை ஏற இறங்கப் பார்த்தான். நல்ல கிட்டங்கிக்காரன் ஈரக்காயைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"பின்னால நீங்க புடிப்பீகளா மொதலாளி?"

மூங்கிலைத் தோளில் வைத்துப் பார்த்தேன். சுருளி குனிந்தான்.

"தூக்கட்டுமா அண்ணே?"

"பின்னால யாரு?"

"ஒங்க தம்பிதேன்."

அண்ணன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்த அந்த நாள் அவருக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் கோபித்திருக்க மாட்டேன். சத்தியமாக அதுதான் நியாயம்.

"ம்," என்றார்.

இத்தனை வருடம் இந்தப் பத்தி எழுதி எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். அத்தனையையும் ஒரு தட்டில் வையுங்கள். இந்த ஒற்றை எழுத்துக்கு முன்னால் அந்தத் தட்டு மேலே போய்விடும்.

பின்னால் பிடிப்பவனுக்கு வழி தெரியாது. முன்னால் போகிறவன் சொல்ல வேண்டும். "கல்லு" என்பான் சுருளி. "வேரு" என்பான். "பள்ளம்" என்பான் — நான் இறங்கிய பிறகு. நடுவிலிருந்து அண்ணன், "குலுக்காதடா தம்பி, நான் என்ன மோரா?" என்பார்.

முதல் வளைவில் மாடுகள் இறங்கி வந்தன. ஓட்டி வந்தவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் மாட்டைப் பாறையோரம் ஒதுக்கித் தலைத்துண்டை இறக்கினார்கள். யாருக்கும் ஒதுங்காத மாட்டுக்காரர்கள், எங்கள் டோலிக்கு வழிவிட்டு நின்றார்கள்.

அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"அட கூறு கெட்டவங்களா! எறக்கத்துல லோடோட மாட்டை நிறுத்துவீகளா? முன்னங்கால் நடுங்குது பாரு! போங்க, போங்க... நாங்க ஒதுங்கிக்கிறோம்!"

நாங்கள் ஒதுங்கினோம். வாழ்நாளில் முதல் தடவையாக என் அண்ணன் மலைப்பாதையில் ஒருவருக்கு வழிவிட்டார். மாடுகள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லித் தட்டிக்கொடுத்தார். மூங்கிலைத் தாங்கிக்கொண்டு பின்னால் நின்ற எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. வியர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதும்போது இடது தோளில் ஒத்தடத் துணி. தோல் இரண்டு இடத்தில் உரிந்துவிட்டது. சுருளி பார்த்துவிட்டு, "காய்ப்பு விழ வருசமாகும் மொதலாளி. ஆனா சமதரைக்கு நீங்க ஆகுவீக" என்றான். சர்க்கார் பட்டம் கொடுத்தாலும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

நாளைக்கு எனக்கென்று ஆள் தேடப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்: பங்காளிகளைக் கேட்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள் — அண்ணனைவிட நான் ரொம்பக் கனம்.